நேற்றுப் பெய்த மழை

பிள்ளைகளா, அந்தமானில் பேம்பூ ஃப்ளாட்டிலிருந்து சாத்தத்துக்குப் படகில் என்னோடு வந்துபோன ஒரு தையற்காரரைப் பற்றிச் சொல்கிறேன். ஒட்டிய கன்னம், கழுத்தில் எந்நேரமும் அளவு டேப். வானிலை ஆபீசார் அவர் வாசலில் ஒரு மழைமானியை நட்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. விடாமல் அளந்து சொன்னால் நம் ஊர் மழையையும் ரேடியோவில் சொல்வோம் என்றார்களாம். அதனால் தினமும் காலையில் அளந்து, கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, அக்கரையில் அந்த ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் கடை திறப்பார். காய்ச்சலிலும் வந்தார்.

ஹிந்தியில் நேற்றும் ‘கல்’, நாளையும் ‘கல்’ அல்லவா? படகில் அவர் ‘கல் கீ பாரிஷ்’ என்று நேற்றைய மழையைச் சொன்னதை, நாளைய மழை என்று எடுத்துக்கொண்டவர்கள் அவரை ஜோசியராக்கிவிட்டார்கள். குடையில்லாமல் நனைந்தவர்களெல்லாம் அவரைத்தான் வைதார்கள்.

“கூலியில்லாம எதுக்கண்ணே இந்தப் பேச்சு வாங்குறீங்க?” என்று கேட்டேன்.

“நாளைக்குப் பெய்யுறதைச் சொல்ல சாமி இருக்கு தம்பி. நேத்துப் பெஞ்சதைச் சொல்ல ஊருக்கு ஓர் ஆள் வேணாமா?”

ஒரு மாலை, திரும்பும் படகில் யாரோ வைத்திருந்த டிரான்சிஸ்டரில் பேம்பூ ஃப்ளாட்டின் பெயர் வந்தது. பின்னாலேயே மழையளவும் வந்தது. அவர் ஆடும் படகில் எழுந்து நின்று, மையால் எழுதிய கையை எல்லோருக்கும் காட்டினார். அதே அளவு.

“வாஹ் தாதா!” என்று தன் பாஷையில் அண்ணனைப் பாராட்டி, வங்காளிப் படகோட்டி படகின் சங்கை ஊதினான். வைதவர்களே கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும், முற்றத்தில் கிடந்த பால் டப்பாவில் தேங்கிய மழைநீரில் விரலை விட்டு, எதுவரை நனைகிறது என்று பார்த்தேன்.