கழுவிய ஸ்பாஞ்சு

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் ‘பளிச்சு’ என்று பெயர். வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. பெரிய டாக்டர்கூட, “பளிச்சு வந்தாச்சா?” என்றுதான் கேட்பார். ஆப்பரேஷன் முடிந்து ரத்தமும் சதையுமாக வந்து விழும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் தேய்த்து, அலசி, துணியில் பொட்டலம் கட்டி, நீராவிப் பெட்டியில் அவித்து எடுப்பது அவள் வேலை. சூடு சரியாக ஏறியதற்கு அடையாளமாக, பொட்டலத்தின் மேல் ஒட்டிய பட்டையில் கறுப்புக் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அவள் கட்டிய பொட்டலத்தால் ஒருவருக்குப் புண் சீழ் வைத்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

சுத்தம் என்றால் என்ன என்று கேட்டால், எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது என்பாள். கத்தரிக்கு அது சரி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சட்டத்தைக் கழற்றி வைக்காததுதான் தொல்லை. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கையோடு வருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, முழங்கை வரை தேய்க்க வைத்துத்தான் உள்ளே விடுவாள். வேறு யார் கழுவி வைத்த தட்டானாலும், சாப்பிட உட்காருமுன் குழாயடியில் தானே இன்னொரு முறை கழுவிக்கொள்வாள். “கல்யாணம் பண்ணினேனா, வார்டுல சேந்தேனான்னே தெரியல” என்று கணவன் முனகுவான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

முன்னறையில் இருந்த மீன்தொட்டி அவனுடையது. அதில் சில தங்கமீன்கள். தொந்தியும் மினுங்கும் மண்டையுமாக இருந்த ஒன்றுக்கு ‘மேனேஜர்’ என்று பெயர். கண்ணாடி முன் யார் வந்து நின்றாலும் மேனேஜர் முதல் ஆளாக வந்து, வாயைத் திறந்து மூடி, என்ன விஷயம் என்று விசாரிப்பார்.

மேனேஜருக்கும் அவர் ஆட்களுக்கும் தீனி போடுவது நாத்தனார். பளிச்சுவின் கணவனுக்கு அக்கா. புகுந்த வீட்டில் அவளுக்குப் பிறந்த பிள்ளை தங்கவில்லை. அதற்கடுத்து மாமனாரின் கடை நொடித்தது. எல்லாரும் கூடி உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் அவள் கைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். “உன் கை பட்டது எதுவும் தங்காது” என்று சொல்லி, அவள் போட்ட சோற்றைச் சாப்பிடுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் தாலி கட்டியவனும் தட்டைத் தள்ளி வைத்தான். அன்றே ஒரு பையோடு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு தையல் கூடத்தில் சட்டைகளுக்குப் பொத்தான் வைக்கும் வேலை கிடைத்தது.

வந்த புதிதில் ஒரு டம்ளரை எடுக்கக்கூட, “எடுக்கலாமா?” என்று கேட்பாள். அதைப் பார்க்கப் பளிச்சுவுக்குப் பொறுக்காது. ஒருநாள் மீன்தீனி டப்பாவை எடுத்து அவள் கையில் திணித்தாள். “இந்தாங்க அண்ணி, இனிமே இது உங்க டிபார்ட்மென்ட்.” நாத்தனார் டப்பாவை ஏதோ உடைந்துவிடும் பொருள் போலப் பிடித்துக்கொண்டாள். நாளாக நாளாக, மேனேஜர் அவள் விரல் நுனியிலிருந்தே தீனி எடுக்கும் அளவுக்குப் பழகிவிட்டார். அவளும் கேட்காமல் அடுப்படிக்குள் வரவும், தானாக வாய்க்குள் ஏதாவது பாடவும் ஆரம்பித்தாள். இது நல்ல காரியம். பளிச்சு செய்த நல்ல காரியம்தான். மறுக்க முடியாது.

ஒரு விடுமுறை நாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். தொட்டியின் பின்புறம் மாட்டியிருந்த பில்டர் பெட்டியைப் பளிச்சு திறந்து பார்த்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு ஸ்பாஞ்சு. அதன் கீழே அதே வழவழப்போடு பீங்கான் வளையங்கள். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இதற்குள் புகுந்து வரும் தண்ணீரிலா இந்த ஜீவன்கள் கிடக்கின்றன? கணவன் எப்போதாவது அந்த ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்பப் போடுவான். அதைச் சோம்பேறித்தனம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மீன்கள் வாளிக்குப் போயின. ஸ்பாஞ்சு, வளையங்கள், அடியில் கிடந்த கூழாங்கற்கள் எல்லாம் கொதிநீரிலும் பிளீச்சிங் பவுடரிலும் ஊறின. தேய்த்தாள், அலசினாள், வாடை போகும்வரை திரும்ப அலசினாள், வெயிலில் காயவைத்தாள். ஸ்பாஞ்சு புதுப் பஞ்சாகிவிட்டது. புதுத் தண்ணீர் நிரப்பி, குளோரின் போக்கும் சொட்டு மருந்தை மறக்காமல் விட்டு, மீன்களைத் திரும்ப இறக்கினாள். சாயங்காலம் கணவன் வந்து பார்த்து, “கண்ணாடி இருக்கா இல்லையான்னே தெரியலையே!” என்றான். அவள் பூரித்துப்போனாள். எதையெல்லாம், எப்படிக் கழுவினாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

சில நாளில் மீன்கள் மேலே வந்து மிதந்தபடி காற்றுக்கு வாய் பிளந்தன. செவுள் ரத்தமாகச் சிவந்தது. தண்ணீரோ கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. நாத்தனார் பதறிப்போய், பலவீனமாக இருக்கிறதோ என்று இன்னும் ஒரு சிட்டிகை தீனி சேர்த்துப் போட்டாள். ஒரு மீன் செத்தது. மறுநாள் இன்னொன்று.

வேலை முடிந்து வரும் வழியில் பளிச்சு வண்ணமீன் கடைக்குள் நுழைந்து, மருந்து வேண்டும் என்று கேட்டாள். கடைக்காரர் மருந்தை எடுக்காமல் கேள்வி கேட்டார்.

“பில்டரை யாராச்சும் கழுவினீங்களா?”

“கழுவாமயா? பிளீச்சிங் போட்டு, கொதிதண்ணி ஊத்தி, நானே கழுவினேன்” என்றாள், பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு.

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அம்மா, அந்த வழவழப்புதாம்மா பில்டரு. ஸ்பாஞ்சு வெறும் வீடு. அதுல குடியிருக்கிற கிருமிங்கதான் மீனோட கழிவைத் தின்னு, அதுல இருக்கிற விஷத்தை முறிக்கும். குடியிருந்ததையெல்லாம் நீங்க கொன்னுட்டீங்க. இப்போ மீன் தன்னோட விஷத்துலயே மூச்சு முட்டிக் கெடக்கு. தீனியை நிறுத்துங்க. தெனமும் பாதித் தண்ணி மாத்துங்க. பொழைச்சா அதிர்ஷ்டம்.”

நல்ல கிருமி என்று ஒன்று இருப்பது பளிச்சுவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதைத் தன் வீட்டில், தன் கையால், அடியோடு அவித்துக் கொன்றிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். அந்த நினைப்பு உண்மையானதுதான்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே கணவனின் குரல் கேட்டது. தீனி டப்பாவை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

“பாதி டப்பா காலி. அளவில்லாம கொட்டினா மீன் சாகாம என்னக்கா செய்யும்?”

பளிச்சு வாயைத் திறந்தாள். அதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

“ஆமாடா. என் கைதான்.”

சண்டை இல்லை, அழுகை இல்லை. இது எப்படியும் வரும் என்று தெரிந்திருந்தவளைப் போலச் சொன்னாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். பளிச்சு வாயை மூடிக்கொண்டாள். பழி போய் உட்கார ஓர் இடம் தானாகவே கிடைத்துவிட்டது. ‘இன்றைக்கு வேண்டாம், ஆறப்போட்டுச் சொல்லலாம்’ என்று மனசு கணக்குப் போட்டது. “தீனி வேணாம், தண்ணி மாத்தச் சொன்னாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியை எடுத்தாள்.

தண்ணீர் மாற்றியும் பலனில்லை. கடைசியாக மேனேஜர் போனார். நாத்தனார் கண்ணாடி முன் வந்து நின்றபோது, சாய்ந்து கிடந்தவர் விசாரிக்க வருகிற மாதிரி ஒரு முறை வாலை அசைத்தார். அவ்வளவுதான்.

அதன் பிறகு நாத்தனார் மறுபடி எல்லாவற்றுக்கும், “எடுக்கலாமா?” என்று கேட்க ஆரம்பித்தாள். பளிச்சு அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தாள். குழம்பை முதலில் அவளுக்கே ஊற்றினாள். ஆறப்போட்ட வார்த்தை மட்டும் ஆறவே இல்லை. கழுவித் தள்ள முடியாத கறை அவள் வாழ்க்கையில் அது ஒன்றுதான். கடைக்காரரிடம் போய், அவர் தொட்டியின் அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கெஞ்சி வாங்கி, தண்ணீரோடு பையில் கட்டி, மூக்கைச் சுளிக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். பில்டருக்குள் வைத்து மோட்டாரை ஓட விட்டாள். மீன் இல்லாத தொட்டியில் யாரும் பார்க்காதபோது ஒரு சிட்டிகை தீனி தூவுவாள். அது அழுகினால்தான் கிருமிகளுக்கு இரை. எதற்கு ஓடுகிறது என்று கணவன் கேட்டதற்கு, “சும்மா ஓடட்டும்” என்றாள்.

இதற்கிடையே குளியலறையில் சோப்பு சீக்கிரம் சீக்கிரமாகக் கரைந்தது. கணவனின் கிரீஸ் கைதான் காரணம் என்று பளிச்சு நினைத்தாள்.

ஒரு காலையில் நாத்தனார் பையோடு முன்னறைக்கு வந்தாள். “தையல் கூடத்துக்குப் பக்கத்துலயே பொண்ணுங்க ஹாஸ்டல் இருக்கு. இடம் சொல்லிட்டேன்” என்றாள். தம்பி, “என்னக்கா இது” என்று எழுந்தான். “உங்க வீட்டுல அடுத்து ஒரு கெடுதல் நடக்கிறதுக்குள்ள போயிடறேன்டா. போதும்.”

“அண்ணி, மீனைக் கொன்னது நான்.”

பளிச்சுவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. நிறுத்தினால் திரும்ப வராது என்று, பிளீச்சிங் பவுடர், கொதிநீர், கடைக்காரர் சொன்னது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். நாத்தனார் பையைக் கீழே வைத்தாள்.

“எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

‘நேத்துதான்’ என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. பளிச்சு அதை விழுங்கினாள்.

“மேனேஜர் உயிரோட இருக்கும்போதே.”

நாத்தனார் இரண்டு கைகளையும் திருப்பி நீட்டினாள். விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்து, சில இடங்களில் ரத்தம் உறைந்திருந்தது.

“தெனமும் தேச்சேன். உன் சோப்பைப் போட்டுத்தான். இந்தக் கையில என்னதான் இருக்கு, போகுதான்னு பாத்தேன். நான் கழுவின தட்டை நீ திரும்பக் கழுவுவ இல்ல, அதை முன்னெல்லாம் உன் குணம்னு நெனச்சேன். மீன் செத்ததுக்கு அப்புறம் அதுக்கும் வேற அர்த்தம் தெரிஞ்சுது எனக்கு.”

பளிச்சு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். யாரும் எழுப்பவில்லை. கணவன், “நானும்தானக்கா சொன்னேன்...” என்று இழுத்தான். “ஆமா, நீயும்தான்” என்றாள் நாத்தனார்.

பிறகு தொட்டியைப் பார்த்துத் திரும்பினாள். “மீனே இல்ல. இது எதுக்கு ஓடுது?”

“கிருமி வளக்கறேன் அண்ணி.”

“நீயா?” வாயோரம் ஏதோ துடித்து அடங்கியது. “எதைப் போட்டு?”

பளிச்சு அழுகையினூடே தீனி டப்பாவைக் காட்டினாள். நாத்தனார் அதை எடுக்கலாமா என்று கேட்கவில்லை. எடுத்து, வெடித்த விரலால் ஒரு சிட்டிகை தூவினாள். அது மிதந்து, ஊறி, மெதுவாகக் கூழாங்கற்களுக்கு நடுவே இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சுட்டேன்னு சொல்ல வாய் வரல. வந்தா சொல்றேன். இன்னிக்குப் போகல, நாளைக்கு என்னன்னு நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றாள்.

மதியம் சோறு வடித்ததும் அவள்தான். தட்டுகளைக் கழுவியதும் அவள்தான். பளிச்சுவிடம் வந்த தட்டின் விளிம்பில் தண்ணீர் ஒட்டியிருந்தது. ஓரத்தில் நூல் மாதிரி ஒரு பழைய குழம்புக் கறையும் இருந்தது. அவள் கால்கள் பழக்கத்தில் குழாய்ப் பக்கம் திரும்பின. நாத்தனார் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பளிச்சு திரும்பி வந்து உட்கார்ந்து தட்டை நீட்டினாள். “போடுங்க அண்ணி.”

நாத்தனார் அந்தக் கறையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதன் மேலேயே சோற்றைப் போட்டாள்.