எண்ணெய் வந்துட்டாங்க

கரியாலூருக்கு ஏறும் மலையடியில் இருக்கிறது அந்தச் சின்னக் குடியிருப்பு. அங்கே எல்லா வீட்டுக்கும் சோறு போடுவது கொட்டமுத்து என்கிற ஆமணக்கு விதைதான். அதை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு விளக்கெண்ணெய் எடுப்பார்கள். வாராவாரம் அது டெம்போ ஏறிக் கள்ளக்குறிச்சியில் ஷேக் தாவூது பாய் கடைக்குப் போகும். ஊரில் எந்தக் கதவும் கிறீச்சிடாது.

செவ்வந்தி அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்தது திருநாவலூர்ப் பக்கம், நெல் விளைகிற ஊர். எண்ணெய் என்றால் பாக்கெட்டில் வருவது என்றுதான் நினைத்திருந்தாள். வந்த புதிதில் ஒருநாள் கொப்பரைப் பக்கம் நின்றாள். சேறு மாதிரி கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரின் நடுவில், பொன்னிறத்தில் ஒரு பொட்டு மேலே வந்தது. பிறகு இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டிக்கொண்டன. செவ்வந்தி வாயைப் பிளந்தாள்.

பிள்ளை பெற்று வளர்த்து, மருமகளும் எடுத்துவிட்டாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அதே வியப்புதான்.

"ஏ செவ்வந்தி, வாய்க்குள்ள ஈ பூந்துடப் போவுது!" என்று ஓரகத்தி சாலம்மாள் கிண்டல் செய்வாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கொப்பரை அடுப்பில் இருக்கும்போது எண்ணெய் என்று பெயர் சொல்லக் கூடாது. சொன்னால் மேலே வராமல் ஒளிந்துகொள்ளுமாம். பெரிய மனிதரை விசாரிப்பதுபோல, "வந்துட்டாங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

போன தை மாதம் மருமகள் சந்தியாவுக்கு வலி கண்டது. மகன் இளவரசன் அவளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். செவ்வந்தியால் போக முடியவில்லை. அன்று காய்ச்சும் முறை அவளுடையது. கொப்பரையில் கிடந்தது எல்லா வீட்டுக் கொட்டமுத்தும்.

மத்தியானம் தகவல் வந்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்யப் போகிறார்கள். அதன்பிறகு செவ்வந்தி கொப்பரையை விட்டு நகரவில்லை. துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாயும்போது போன் அடித்தது.

"எம்மா, வந்துட்டாங்க!"

"இன்னும் இல்லடா, நுரைதான் கட்டிக்கினு இருக்குது" என்றாள், கொப்பரையைப் பார்த்தபடியே.

"இன்னாம்மா சொல்ற? பாப்பாம்மா! பொண்ணு! சந்தியாவும் நல்லா இருக்கா!"

செவ்வந்தி துடுப்போடு அப்படியே நின்றுவிட்டாள். போனில் வந்த சத்தம் சாலம்மாளுக்கே கேட்டது.

"அடியே, பேத்திடி! நுரைய எண்ணிக்கினு நிக்கிறியே, கெளம்பு!"

"பாதியில வுட்டுட்டுப் போவக் கூடாதேக்கா..."

"நான் இன்னா செத்தா பூட்டேன்? துடுப்பக் குடு. பஸ்ஸு பூடும், ஓடு!"

ஆஸ்பத்திரிக்குப் போனதும் செவ்வந்தி குழாயடியில் நின்று கை கழுவத் தொடங்கினாள். சோப்பு கரைந்ததே தவிர வழுவழுப்பு போகவில்லை.

"வாம்மா, எவ்ளோ நேரம்?" என்றான் இளவரசன்.

"வழுக்கிடும்டா. பயமா இருக்குது."

தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அவன் குழந்தையைத் துணியோடு அவள் மடியில் கிடத்தினான். கையைப் பக்கத்தில் கொண்டுபோகாமல் குனிந்து பார்த்தாள். குழந்தை முகம் சுளித்துக் கொட்டாவி விட்டது.

"டேய், பாத்தியா?" என்றாள் செவ்வந்தி. "இத்துனூண்டு வாயி... எம்மாம் பெரிய கொட்டாவி!"