எலும்பின் வயதைச் சொல்லிவிட்டேன்

விடுதி நண்பர்களே, மாங்குளம் ரயில் நிலையத்தில் இருந்து எழுதுகிறேன். போனில்தான் தட்டுகிறேன், ரயில் இன்னும் வரவில்லை.

ஒட்டுசுட்டான் வயலில் என் இறுதியாண்டு ஆய்வுக்காகத் தோண்டிய, பழங்காலத்தில் இறந்தவரை வைத்துப் புதைத்த ஈமத்தாழியின் எலும்புத் துண்டுகளைப் பிஸ்கட் தகரத்தில் போட்டு, மாங்குளம் வரும் வஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். "நான் சொல்லும்வரை இதின்ரை காலத்தை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது" என்பது மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர் சேரின் கட்டளை.

நடுக்காட்டில் வஸ் பள்ளத்தில் விழுந்து எழும்பியது. மூடி கழன்று, ஓர் எலும்பு பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மாவின் பூத்தட்டில் விழுந்தது.

"ஐயோ, மனிச எலும்பு!" என்று கத்தினார் அவர்.

கொண்டக்டர் வஸ்ஸை நிறுத்தினார். "தம்பி, தகரத்தோட இறங்குங்கோ."

வெளியே பார்த்தேன். யானை லத்தி ஈரம் காயாமல் கிடந்தது.

அம்மா என்னை முறைத்தார். "கோயிலுக்குப் போறன். செத்த தீட்டு, துடக்கோட போகேலாது. இது செத்து எத்தினை நாள்?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"இரண்டாயிரம் வருசம், அம்மா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப துடக்குக் காக்கிற முப்பத்தொண்டு நாளும் எப்பவோ முடிஞ்சுது. துடக்கில்லை. வஸ்ஸை எடுங்கோ."

நிலையத்தில் காத்திருந்த சேர் தகரத்தைத் திறந்து பார்த்தார். "ஐந்நூறோ இரண்டாயிரமோ, இப்ப சொல்லேலாது. நீர் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை, சேர்."

வெளியே தேநீர்க்கடையில் அதே அம்மாவின் குரல்: "இரண்டாயிரம் வருசமாம்! யூனிவேசிற்றித் தம்பி சொன்னது."

அதைக் கேட்ட சேர் தகரத்தை மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ரயிலில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

சேரிடம் என்ன சொல்லலாம் என்று ரயில் வருமுன் யாராவது உடனே பதில் போடுங்கள்.