வாடிப்பட்டி நாடக விழாவும் பூக்காரம்மா தராத மாலையும்

கத்திரி வெயிலில் எவனாவது வாடிப்பட்டிக்கு டூர் போவானா என்று வீட்டில் கேட்டார்கள். நான் போனேன். மே மாதம், வெள்ளி முதல் ஞாயிறு வரை. காரணம் என் கல்லூரித் தோழன் முத்துவேல். ஆனையூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். கோடை வந்தால் கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு நாடகக் குழுவோடு கிளம்பிவிடுவான். ஏழு வருடமாக வில்லன் வேடம்தான். அந்த மீசைக்கும் குரலுக்கும் வேறெதுவும் ஒட்டாது என்று சொல்லிவந்த இயக்குநர், இந்த முறைதான் ஒரு நல்லவன் வேடம் கொடுத்திருந்தார். "சனிக்கிழமை சனம் நம்பலேன்னா அம்புட்டுதான் மாப்ள, ஆயுசுக்கும் வில்லன்தான்" என்றான் போனில். அதைக் கேட்டபிறகு வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பது?

வெள்ளி மதியம் 3.10க்கு மதுரை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் பிடித்தேன். ஏறுவதற்கு முன் "வாடிப்பட்டி உள்ள போகுமாண்ணே?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். சில பஸ்கள் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும், அந்த வெயிலில் நடந்தால் தெரியும் சேதி. 25 கிலோமீட்டர், 50 நிமிடம், டிக்கெட் 25 ரூபாய். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜ், ஒரு நாளைக்கு 600 ரூபாய். ஏசி கிடையாது. ஃபேன் சுற்றியது, காற்றுதான் வரவில்லை.

விழா நடப்பது ஒரு பள்ளி மைதானத்தில், தினமும் மாலை 6.30க்கு. அனுமதி இலவசம். மொத்தம் ஆறே நடிகர்கள், மூன்று நாடகங்கள், ஒன்பது நாள். தினம் ஒரு நாடகமாக மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். நேற்றைய மாமியார் இன்று போலீஸ். நாற்காலி போடுவதும் சாமான் வாங்குவதும் அவர்களேதான். எனக்கு இந்த ஏற்பாடே போதை ஏற்றிவிட்டது!

வெள்ளிக்கிழமை நாடகத்தில் முத்துவேல் அக்காவை ஏமாற்றிக் கிணற்றுத் தோட்டத்தை எழுதி வாங்கும் தம்பி. கையெழுத்து விழுந்ததும் பத்திரத்தை மடித்தபடி ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள், கூட இரண்டு வருடம் ஒரே அறையில் தங்கியிருந்த எனக்கே அவனை அறைய வேண்டும் போலிருந்தது. முன்னால் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறை.

சனிக்கிழமை காலை அவனோடு கடைவீதிக்குப் போனேன். அன்றைய நாடகத்தில் அவன் தாய்மாமன். அக்கா மகள் கல்யாணத்துக்குத் தொலைதூரத்திலிருந்து மாலையோடு வந்து, அவள் கழுத்தில் போடவேண்டும். முகூர்த்த நாள் என்பதால் இரண்டு கடைகளில் ஆர்டர் மாலைகள் மட்டுமே இருந்தன. மூன்றாவது கடையில் ஒரு சம்பங்கி மாலை தொங்கியது. பூக்காரம்மா முத்துவேலை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒனக்கா? ஒனக்குப் பூ கிடையாது, போ."

"அக்கா, அது நாடகம்க்கா."

"நாடகம்னு தெரியாமத்தான் முன்னால உக்காந்து பாத்தேனா? பத்திரத்தை மடிச்சுக்கிட்டுச் சிரிச்சியே, அச்சு எங்கண்ணன் சிரிச்ச மாதிரியே இருந்துச்சு. ராத்திரி பூரா தூக்கமில்ல."

முத்துவேல் அந்த மாலையை ஒருமுறை பார்த்துவிட்டு நடையைக் கட்டினான். திரும்பும் வழியில் நான் வாங்கித் தந்த ஜிகர்தண்டாவைக்கூட அவன் தொடவில்லை (40 ரூபாய், நானே இரண்டையும் குடித்தேன்). பெட்டியில் காகித மாலை இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார் இயக்குநர். "வேணாம், நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டான்.

மாலை 6.30க்கு மேளம் அடித்ததும் மைதானம் நிறைந்துவிட்டது. முத்துவேல் மேடையேறி "அக்கா, வந்துட்டேன்" என்று சொன்னதுதான் தாமதம், "நம்பாத ஆத்தா! நேத்துத் தோட்டத்தை எழுதி வாங்குன பய!" என்று ஒரு பெண் கத்தினார். மைதானமே சிரித்தது. போச்சு, ஏழு வருடக் கனவு போச்சு என்று நினைத்தேன். அவன் சிரிப்பு அடங்கும்வரை நின்றான். பிறகு, நாடகத்தில் இல்லாத வசனம் ஒன்றைப் பேச ஆரம்பித்தான்.

"வெறுங்கையோட வந்திருக்கேன்க்கா. மாலை வாங்கத்தான் போனேன். கூடப் பிறந்தவளை ஏமாத்துனவனுக்குப் பூ கிடையாதுன்னுட்டாக. நான் ஒன்னைய ஏமாத்தலக்கா. ஆனா அவுகளை யாரோ ஏமாத்திருக்காக. நியாயமான கோவம். அதான் சண்டை போடாம வந்துட்டேன்."

அப்போது தார்ப்பாயிலிருந்து எழுந்தார் பூக்காரம்மா. கடையை மூடிவிட்டுக் கூடையோடு நேராக வந்திருக்கிறார். கூடைக்குள் அதே சம்பங்கி மாலை, விற்காமல் வைத்திருந்தார். மேடை ஓரம் வந்து நீட்டினார். "இந்தாய்யா. பிள்ளை கழுத்து வெறுமையா இருக்கக் கூடாது."

முத்துவேல் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினான். அக்கா மகள் கழுத்தில் அதைப் போட்டபோது கைதட்டியவர்களைவிடக் கண்ணைத் துடைத்தவர்களே அதிகம். நானும்தான், வெட்கமென்ன! எத்தனையோ ஏசி அரங்குகளில் நாடகம் பார்த்திருக்கிறேன். பார்க்க வந்தவர்கள் இப்படி உரிமையோடு கணக்குக் கேட்டு, பிறகு மனமிறங்கியதை எங்கும் பார்த்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு: குறைந்தது இரண்டு நாள் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே ஆள் வேறு முகத்தோடு வருவதுதான் இங்கே விருந்து. ஆறு மணிக்கே போனால் தார்ப்பாயில் இடம் கிடைக்கும், பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தால் பாதி கூத்து தெரியாது. தண்ணீர் பாட்டிலும் விசிறியும் கட்டாயம். பகலில் எங்கும் அலையாமல் தூங்குங்கள். கீழக்குயில்குடி சமணர் மலையைப் பார்க்க ஆசைப்பட்டால், திரும்பும்போது மதுரை போய், அங்கிருந்து அதிகாலையில் போங்கள். போக்குவரத்து, இரண்டு இரவுத் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு 2,100 ரூபாய் ஆனது.

ஞாயிறு காலை 7.30 பஸ்ஸுக்கு என்னை ஏற்றிவிட வந்த முத்துவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாய்மாமன் வேடம் அடுத்த வருடமும் அவனுக்குத்தான் என்று இயக்குநர் சொல்லிவிட்டாராம். பூக்கடையைத் தாண்டும்போது அந்த அம்மா கூப்பிட்டார்.

"தம்பி, இன்னைக்கு என்ன வேசம்?"

முத்துவேல் தலையைச் சொறிந்தான். "வெள்ளிக்கெழமை போட்டதுதாங்க்கா. ஞாயித்துக்கெழமை கூட்டம் வரும்னு அதையே மறுபடி போடுறோம்."

அவர் தொடுத்துக்கொண்டிருந்த பூவை மடியில் வைத்தார்.

"அப்ப இன்னைக்கு ஒனக்குப் பூ கிடையாது" என்றார். "முன்னால எனக்கு எடம் போட்டு வை."