பத்து எண்ணும் நேரம்

எங்கள் ஊர் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி முத்துராணி மயினி. என் பெரியப்பா மகன் செந்தில்முருகனின் சம்சாரம். அண்ணன் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. மயினி எட்டாவது வரை படித்தவள். இருபத்தைந்து வருசமாக அப்பளம் தேய்க்கிறாள்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றோரமாக மூன்று கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். ஆண்களுக்கு வயல், பெண்களுக்கு அப்பளம். காலையில் அப்பளக் கம்பெனியிலிருந்து மாவு வரும். தேய்த்து, காயவைத்து, சாயங்காலம் நாலு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அவள் தலைவி ஆனதே ஒரு கூத்து. தேர்தலன்று பள்ளிக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். யாருக்கும் அந்த வேலை வேண்டாம். அப்பளம் கொடுக்கப் போயிருந்த மயினியின் பேரைச் சொல்லிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் கையெழுத்துக்கு ஆள் வந்த பிறகுதான் அவளுக்கே விஷயம் தெரியும். திட்டிக்கொண்டே போட்டாள்.

அதுவரை பெற்றோர் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. ஒருத்தரும் போகமாட்டார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லை என்று பள்ளியில் பேச்சு. திட்டுவதற்குத்தானே கூப்பிடுகிறார்கள் என்று தெருவில் பேச்சு. மயினி தலைமை ஆசிரியரிடம் போய், மூணு மணி வெயில்தான் எங்களுக்குச் சோறு போடுது, அஞ்சு மணிக்கு வையுங்க சார் என்றாள். டீச்சர்மார் பாதிப் பேர் அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை. அவர்களுக்கு ரயில் போய்விடும். மாதம் ஒரு நாள் அடுத்த வண்டியில் போகிறோம் என்று அவர்களைச் சம்மதிக்க வைத்தாள். அந்த மாதமே நாற்பது பேர் வந்தார்களாம். நான் போகவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்குப் பள்ளிக்கூட வாசலே ஆகாது.

என் மகள் பிரியதர்ஷினி அப்போது ஏழாவது. கார் சாகுபடிக்குத் தொழி உழவு நடந்துகொண்டிருந்த நேரம். காலையிலிருந்து டிராக்டரில் உட்கார்ந்து சேறு கலக்கிவிட்டு வந்தவன் கையில் ஒரு சீட்டை நீட்டினாள். பெற்றோரை அழைத்து வரவும், வகுப்பு ஆசிரியை பாக்கியவதி. எங்கள் தெருவில் அப்படிச் சீட்டு வந்தால் பிள்ளைக்கு முதலில் அடி, பிறகுதான் விசாரணை. நானும் அடித்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அதற்கும் சேர்த்து அடித்தேன்.

அந்த ஒரு வருசமாகவே வீட்டில் அவளோடு எனக்குச் சண்டை. கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டாள். முறைத்துக்கொண்டு நிற்பாள். பள்ளியிலும் இதே கதை என்றால் எதற்குப் படிப்பு? டி.சி.யை வாங்கிவிட்டு அம்மாவோடு அப்பளத்துக்கு உட்காரச் சொல்லலாம் என்று முடிவு செய்து, மறுநாள் கால் சேற்றோடு பள்ளிக்குப் போனேன். எனக்கு முன்னால் மயினி வாசலில் நின்றாள். என் மனைவி சந்தனமாரி ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"டி.சி. எங்கயும் ஓடிப்போவாது. பைய வாங்கலாம். மொதல்ல டீச்சர்ட்ட பேசும்வே" என்றாள்.

ஒரு காலி வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் என்னையும் டீச்சரையும் எதிரெதிரே உட்காரவைத்தாள். பாக்கியவதி டீச்சர் உங்கள் மகளுக்குக் கவனமே இல்லை, கேட்டால் மதிப்பதில்லை, அலட்சியம் என்று ஆரம்பித்தார். அலட்சியம் இல்லை டீச்சர், திமிர் என்றேன் நான். இரண்டு பேரும் போட்டி போட்டு அவளைக் குறை சொன்னோம். மயினி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் பிள்ளைக்குப் பட்டம் கட்டாதீய. அவ என்ன செய்யுதா? அதை மட்டும் சொல்லுங்க."

டீச்சர் யோசித்துச் சொன்னார். சத்தமாக வாசித்துக்கொண்டே வருவாள், பாதி வரியில் நிறுத்திவிடுவாள், சுவரைப் பார்ப்பாள், கூப்பிட்டால் கேட்காது, பிறகு எந்த வரி என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்பாள். நான் சொன்னேன்: தண்ணீர் கொண்டு வருவாள், பாதி வழியில் நின்றுவிடுவாள், செம்பு சரிந்து தண்ணீர் கொட்டும், அதுகூடத் தெரியாது. அடித்தால் எதற்கு அடித்தீர்கள் என்பது போலப் பார்ப்பாள்.

நான் சொல்லி முடிக்குமுன் டீச்சர் கையில் இருந்த நோட்டைக் கீழே வைத்தார்.

"அப்போ கண்ணு எப்படி இருக்கும், அண்ணாச்சி?"

"தொறந்துதான் இருக்கும். இமை மட்டும் லேசாத் துடிக்கும்."

"இங்கயும் அப்படித்தான்" என்றார் டீச்சர்.

எவ்வளவு நேரம் அப்படி நிற்பாள் என்று மயினி கேட்டாள். கொஞ்ச நேரம் என்றேன். கொஞ்சமென்றால் ஒரு அப்பளம் தேய்க்கிற நேரமா, ரெண்டா என்றாள். எனக்கும் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை. ஒரு வருசமாக இரண்டு இடத்திலும் இரண்டு பேர் கண் முன்னால் நடந்திருக்கிறது. தெரியவில்லை.

டாக்டரிடம் காட்டுமுன் ஒரு வாரம் எண்ணிப் பார்ப்பது என்று முடிவானது. பள்ளியில் டீச்சர் நோட்டில் எழுதினார். வீட்டில் சந்தனமாரி அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டாள், நேரத்தை நான் எழுதி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்றுகொண்டிருந்தாள் பிரியா. கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பிள்ளை என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் அங்கே இல்லை. பத்தில் திரும்பி வந்தாள். அந்தக் கவளத்தை வாயில் வைத்து மென்றாள். போனதும் அவளுக்குத் தெரியாது, வந்ததும் தெரியாது. எத்தனை முறை அந்தப் பத்து எண்ணும் நேரத்துக்குள் இந்தக் கையால் அறைந்திருக்கிறேன் என்று நினைத்தேன். எழுந்துபோய்ச் சுவரில் நானே ஒரு கோடு போட்டேன்.

சனிக்கிழமை திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். மயினி ஒரு நாள் அப்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். டீச்சர் நேராக அங்கே வந்து நின்றார். டாக்டர் சின்ன வயதுப் பெண். பள்ளிக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் சேர்த்து எழுதிய எங்கள் தாளை வாங்கிப் பார்த்தார். எந்த நேரம், எவ்வளவு நேரம், என்ன செய்துகொண்டிருந்தாள், எல்லாம் அதில் இருந்தது. பள்ளியில் பதினாலு, வீட்டில் ஒன்பது. யார் எழுதியது என்று கேட்டார். டீச்சர் மயினியைக் காட்டினார், மயினி என்னைக் காட்டினாள்.

டாக்டர் ஒரு தாள் துண்டை பிரியாவின் வாய்க்கு நேராகப் பிடித்து, விடாமல் ஊதச் சொன்னார். ஊதினாள். தாள் படபடத்தது. இரண்டு நிமிசம் இருக்கும். தாள் நின்றது. பிரியா எங்களைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாள் மறுபடி அசைந்தது.

இதுவும் ஒரு வகை வலிப்புத்தான், கீழே விழாமல் வருவது என்றார் டாக்டர். மூளையைப் படம் எடுத்துவிட்டு மாத்திரை எழுதினார். விடாமல் கொடுத்தால் அநேகமாக நின்றுவிடும், படிப்பை நிறுத்த வேண்டாம் என்றார்.

பஸ்ஸில் வரும்போது மயினியிடம், உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"எனக்கு என்னத்தத் தெரியும்? நீரு ஒரு பிள்ளையைச் சொன்னீரு, டீச்சர் ஒரு பிள்ளையைச் சொன்னாவ. கேட்டா ஒரே பிள்ளை" என்றாள். அப்படியே தூங்கிப்போனாள். விடியற்காலையில் எழுந்து மறுநாள் மாவுக்கு இடம் ஒழித்து வைத்துவிட்டு வந்தவள்.

திங்கட்கிழமை யாரும் கூப்பிடாமலே பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியர் அறையில் எல்லா வாத்தியார்களும் உட்கார்ந்திருந்தார்கள். மயினி ஏற்பாடு. அவள் வரவில்லை, வீட்டில் மாவு காத்திருந்தது. டாக்டர் சொன்னதை நீங்களே சொல்லுங்கள் என்றார் தலைமை ஆசிரியர். உலுக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது, ஆற்றில் தனியாக இறங்க விடக்கூடாது, திரும்பி வந்ததும் விட்ட இடத்தைக் காட்ட வேண்டும் என்றேன். ஏழு வாத்தியார்கள் நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள். டி.சி. கேட்டு வந்தீர்களாமே என்று தலைமை ஆசிரியர் கேட்டார். வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வகுப்பு தொடங்கி, டீச்சர் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ஏழாம் வகுப்பு ஜன்னல் பக்கம் நின்றேன். பிரியா எழுந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. நடுவில் குரல் நின்றது. டீச்சர் கூப்பிடவில்லை. முப்பத்தைந்து பிள்ளைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை, அசையவில்லை. அவள் கண் திரும்பி வந்தபோது, பக்கத்தில் இருந்த பிள்ளை புத்தகத்தில் ஒரு வரி மேல் விரலை வைத்தாள். அங்கிருந்து வாசித்தாள் என் மகள்.