மெழுகு போதும் என்றார்

அந்தக் கம்பி தலைமயிரை விட மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்தால்தான் செம்பு என்று தெரியும். கணபதி என்ற ஊரில் எங்கள் பட்டறையில் பம்பு மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் அதைக் கொண்டுவந்து கொடுத்தவர், வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஆபீசில் டைப் அடிக்கிறவர். சனிக்கிழமைகளில் துரைமார் கிளப்பில் ஐந்து பேர் வாத்திய செட்டில் கிட்டார் வாசிப்பார். அந்தக் கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே ஒரு காந்தமும் அதைச் சுற்றி ஒரு காயிலும் இருந்தன. மலை ஈரத்தில் காயில் செத்துப்போயிருந்தது.

"ஏம்புள்ள, இது தண்ணி எறைக்காது, பாத்துச் சுத்து," என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆனாலும் மெல்லிய கம்பி என்றால் என்னிடம்தான் தள்ளுவார். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். சுற்று எண்ணுவதில் மட்டும் யாரிடமும் தோற்றதில்லை. அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு.

நான் சுற்றிய இரண்டு நாளும் கிட்டார்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து கரண்டில்லாமலே வாசித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காக்காரர்களின் ஜாஸ் சங்கீதம் என்றார். முன்பெல்லாம் பெரிய பேண்டுகளில், ஊதுகிறவர்களின் சத்தத்துக்கு நடுவே கிட்டார் தாளம் தட்டியதோடு சரி, யார் காதிலும் தனியாக விழாதாம். கரண்டு வந்த பிறகுதான் அதற்குத் தொண்டை வந்ததாம். சின்ன செட்டுகளில் அது முன்னால் வந்து மூன்று நான்கு சுரத்தில் ஒரு துண்டு சொல்லும். அதையே திரும்பச் சொல்லும். மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு ரிஃப் என்று பெயர் என்றார். மோட்டாரும் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொல்லும். ஆனால் இது ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

"இந்தச் சனிக்கெழம பம்பாய் ஓட்டல்ல இருந்து ஒருத்தரு கேக்க வாராருங்க அக்கா. புடிச்சுப்போச்சுன்னா டைப்பு மெசினுக்குக் கும்புடு போட்டுருவனுங்க."

"ஊட்ல சொல்லிப்போட்டீங்களா தம்பி?"

"மொதல்ல கிட்டார் பேசட்டுங்க."

வார்னிஷ் வேண்டாம், சூடு காட்ட வேண்டாம், கொஞ்சம் மெழுகு போதும் என்று இரண்டு முறை சொன்னார். சரி என்றேன். ஆனால் வார்னிஷில் முக்கி, பல்பு எரியும் தகரப் பெட்டியில் காய வைக்காமல் என் கையை விட்டு ஒரு காயிலும் போனதில்லை. டைப் அடிக்கிறவருக்குக் காயிலைப் பற்றி என்ன தெரியும்? அவர் சாயங்காலம் போன பிறகு முக்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் மீட்டரில் முள் ஆடியது; கம்பி எங்கும் அறவில்லை என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார். சனிக்கிழமை மத்தியானம் அவரே காயில் கம்பியைக் கிட்டாரில் ஈயம் வைத்துப் பற்றவைத்து வாசித்துப் பார்த்தபோது பேசிய கிட்டார், பொழுது சாய்ந்து குளிர் ஏறியதும் ஊமையாகிவிட்டதாம். ட்ரம்பெட்டும் டிரம்மும் முழங்க, நடுவில் இவர் விரல் மட்டும் ஆடியிருக்கிறது. பம்பாய்க்காரர் ட்ரம்பெட்காரரை மட்டும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

காயிலைப் பிரித்தேன். உள்ளே காந்தத்தைப் பிடித்திருந்த, பிளாஸ்டிக் மாதிரியான செல்லுலாய்ட் தகடு சூட்டில் நெளிந்து, பிறகு குளிரில் இறுகி, உள்சுற்றுக் கம்பியை அறுத்திருந்தது. நான் காட்டிய சூடுதான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"சூடு காட்டுனீங்களா அக்கா?"

"இல்லீங்க தம்பி."

வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு லேத் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப நான் பத்த வெச்சதுதானுங்க தப்பு. அவசரத்துல செஞ்சுபோட்டேன். என்ற கையே என்னைக் கெடுத்துப்போட்டுதுங்க."

வேறு காயில் சுற்றிக் கொடுத்தேன். மெழுகு மட்டும். கிட்டார் ஒயரைப் பட்டறை ரேடியோவில் மாட்டி அதே துண்டை வாசித்தார். முழுத் தொண்டையில் அதை நான் கேட்டது அன்றுதான். தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். "உங்க கையில ஒரு கொறையும் இல்லீங்க அக்கா," என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்த எஸ்டேட்டிலிருந்து மோட்டார் கொண்டுவந்த டிரைவரிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். டைப்தான் அடிக்கிறார், கிளப்பில் வாசிப்பதை விட்டுவிட்டார் என்றார். ஏன் என்று கேட்டேன். கை சரியில்லை என்று சொல்கிறாராம்.

அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம். வால்பாறைக்குத் தினமும் பஸ் இருந்தது, ஒரு பகல் போதும். இன்று பேத்தி டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்கிறாள். அதைக் கேட்க அங்கே இப்போது அவர் இல்லை.