நடு வருடத்தில் ஒரு காலி இடம்

எங்கள் தெருவில் வேன்காரர் என்றால் ஒருவரைத்தான் குறிக்கும். பெரிய சாலையில் இருக்கும் தனியார் பள்ளிக்கு, வேறு தெருக்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிப்போகிறவர். காலையில் அவர் வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டுமல்ல, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் பதறிப்போய்ப் பையைத் தேடுவார்கள். ஒருநாள் எதிர்வீட்டுப் பூனை வேனில் ஏறி வகுப்பு வரைக்கும் போய்விட்டதாகவும், டீச்சர் அதற்கு வருகை போட்டுவிட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது யார் என்று கேட்க வேண்டாம்.

அவருடைய சொந்த மகள் மட்டும் அந்த வேனில் ஏறியதில்லை. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்கு நடந்தே போய்வந்தாள். வாயாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். முன்பல் விழுந்தபோது கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று நம்பினோம். ஓட்டை வழியாகப் பேச்சு இன்னும் வேகமாக வந்தது. அவள் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறவள். வேலை முடிந்து வந்து வீட்டுத் துணியையும் மடிக்க உட்கார்ந்தால், மகள் எதிரே குந்திக்கொண்டு, அன்று வகுப்பில் யார் தும்மினார்கள் என்பது வரைக்கும் ஒப்பித்துவிடுவாள்.

அந்த அரசுப் பள்ளியில் ஒரே அறையில் இரண்டு வகுப்பு. நடுவே ஒரு மர அலமாரிதான் சுவர். டீச்சர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் கணக்கும் அந்தப் பக்கம் பாட்டும் நடத்துவார். வாயாடி அலமாரியின் இரண்டு பக்கத்துப் பாடத்தையும் காதில் வாங்கி, இரண்டுக்கும் பதில் சொல்வாள்.

வேன்காரருக்கு அது போதவில்லை. வேனில் பிள்ளைகள் ரோபோ செய்ததையும் நீச்சல் கற்றதையும் பேசப் பேச, தன் மகள் எங்கேயோ பின்தங்கிப் போகிறாள் என்று அவருக்குத் தோன்றும். மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எப்போது என்பதில்தான் வீட்டில் இழுபறி.

டீச்சரிடமே போய்க் கேட்டார்.

“மாத்துங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இந்த வருஷம் முடியட்டும் வேன்காரரே. ஓடுற பிள்ளையைப் பாதியில புடிச்சு நிறுத்தாதீங்க” என்றார் டீச்சர்.

ஒத்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் வருடத்தின் நடுவில் ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போனது. தனியார் பள்ளியில் ஓர் இடம் காலி. வேனிலும் ஓர் இருக்கை காலி. ஓட்டுநரின் பிள்ளை என்பதால் சலுகையும் தருகிறோம் என்றார்கள்.

“இப்பவே சேத்துடலாம்” என்றார் மனைவியிடம்.

“என்னங்க, டீச்சர் அவ்வளவு சொன்னாங்களே!”

“அவங்க நாற்காலியில உக்காந்து சொல்றாங்க. ரோட்டுல இருக்கறவனுக்குத்தான் தெரியும். சந்து கிடைச்சா நுழைஞ்சிடணும்மா. யோசிச்சா பின்னாடி வர்றவன் நுழைஞ்சிடுவான்.”

“இது என்ன சிக்னலா? நம்ம பொண்ணோட படிப்புங்க!”

“எல்லாம் சிக்னல்தான்.”

வாழ்நாள் முழுக்க அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தத் தைரியத்தில் மகளையும் அந்தச் சந்தில் நுழைத்துவிட்டார்.

முதல் நாள் காலையில், இன்னும் யாரும் ஏறாத வேனில் வைத்து அவளிடம் சொன்னார்.

“இங்க என்னை அப்பான்னு கூப்பிடாதடா. எல்லாரையும் மாதிரி அங்கிள்னு சொல்லு.”

“ஏம்ப்பா?”

“வேன்காரர் பொண்ணுன்னு உன்னை ஒருத்தரும் கீழ பாக்கக் கூடாது. புரியுதா?”

புரிந்த மாதிரி தலையாட்டினாள். அவர் அதை அன்பினால்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் அவள் எதிர்த்து ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள்.

பள்ளியில் பெற்றோரை அழைத்தபோது அங்கிள் போக முடியாதே, அம்மாதான் போனாள். வகுப்பு டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக, “ரொம்ப அமைதியான குழந்தைங்க. இருக்கற இடமே தெரியாது” என்றார்.

“யாரு, என் பொண்ணா? வேற யாரையோ சொல்றீங்க டீச்சர்.”

வேறு யாரையும் சொல்லவில்லை. வீட்டிலும் கொஞ்ச நாளாகவே துணி மடிக்கும்போது எதிரே ஆள் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புது இடம், பழகிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, அந்த அமைதியில் ஒரு நிம்மதிகூடப் பட்டிருக்கிறாள். அன்று மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். மறுபடியும் உதறினாள்.

“கொண்டுபோய்ப் பழைய பள்ளிக்கூடத்துலயே விட்டுடுங்க. எனக்கு ரோபோவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

சரி என்றார் வேன்காரர். மறுநாள் சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, மகளோடு வண்டியை நேராக அங்கே விட்டார்.

கேட்டில் பூட்டு. உள்ளே அந்த மர அலமாரி மட்டும் வராந்தாவில் கதவு தொங்க நின்றது. எதிரே சைக்கிள் கடைக்காரர் எழுந்து வந்தார்.

“தெரியாதா உங்களுக்கு? போன வாரம் மூடிட்டாங்க. இருந்த நாலு பிள்ளைங்களைத் தூரத்துப் பள்ளிக்கூடத்தோட சேத்துட்டாங்க. டீச்சரையும் எங்கேயோ மாத்திட்டாங்களாம்.”

“நாலு பிள்ளைங்களா? அறை ரொம்பி வழிஞ்சுதே!”

“வழிஞ்சுது. நீங்க உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போனீங்க பாருங்க, அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. ‘தினமும் பெரிய பள்ளிக்கூடத்து உள்ள போய்வர்ற மனுஷன், அவரே வருஷம் முடியற வரைக்கும் பொறுக்கலைன்னா ஏதோ விஷயம் தெரிஞ்சுதான் மாத்தறாரு’ன்னு பேசிக்கிட்டாங்க. என் பையனையும் நான் எடுத்துட்டேன்.” கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “ஆமா, என்ன விஷயம்ணே அது?”

வேன்காரர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மகள் ஜன்னலோரம் மடியில் பையோடு இருந்தாள்.

“ஏண்டா பேசமாட்டேங்கற? யாராவது அடிக்கறாங்களா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“பாடம் கஷ்டமா?”

அதுவும் இல்லை.

“பின்ன என்னடா?”

பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள். “வேன்ல வர்ற பிள்ளைங்க முதல் நாளே கேட்டாங்க. ஓட்டும்போது கண்ணாடியில உன்னையே பாக்குறாரே, அவர் உங்க அப்பாவான்னு. நான் இல்லைன்னேன். அப்புறம் நான் எதுக்கு வாயைத் திறந்தாலும் அதையே கேக்கறாங்க. அதான் பேசல.”

வேன்காரர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு, “நாளையிலேருந்து அப்பான்னே கூப்பிடுடா. எல்லார் முன்னாடியும் சத்தமா கூப்பிடு. நானே சொல்றேன்” என்றார்.

அவள் யோசித்தாள்.

“இப்பக் கூப்பிட்டா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன்னு ஆயிடுமே” என்றாள்.

அவர் சாவியைத் திருகினார். வண்டியைத் திருப்பினார். மறுநாள் காலையில் வழக்கம்போல அவள்தான் முதலில் ஏறினாள். வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. அவர் அன்று கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினார்.